வாலில் தொடங்கிய பசு

ஜெயராஜ் சார் போய்விட்டார் என்று ரோசி அக்கா போனில் சொன்னபோது நான் ஒரு கல்யாண ப்ளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "காபி வேணும்னு கை காட்டினாரு ஸ்டெல்லா. போட்டு எடுத்துட்டு வந்து பாத்தா கண்ண மூடிட்டு இருக்காரு. தூங்கறாருன்னுதான் நெனச்சேன்" என்றார். துக்கம் விசாரிப்பதை விட்டுவிட்டு, "சர்க்கரை போட்டீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டேன். சாருக்குச் சர்க்கரை வியாதி வந்ததிலிருந்து அவர் மனைவி ரோசி அக்கா வெறுங்காபி நீட்டுவதும், சார் டம்ளரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எங்கள் தெருவுக்கே தெரிந்த சண்டை. அந்தப் பக்கம் அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். "போடலடி. அதான் கோவிச்சிக்கிட்டுப் போய்ட்டாரு" என்றார்.

இதைப் படிக்கிற உங்களில் நிறையப் பேர் சனிக்கிழமை காலைகளில் உங்கள் பிள்ளைகளை விவேக் நகரில், கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், என் தையல் கடைக்கு மேலே இருக்கும் அறைக்கு அனுப்பியவர்கள். சிலர் நீங்களே அங்கே முன்பல் விழுந்த வாயோடு உட்கார்ந்து கிழித்து ஒட்டியவர்கள். இப்போது மீசை வைத்துக்கொண்டு தெரியாத மாதிரி போகிறீர்கள், எனக்கு எல்லார் முகமும் ஞாபகம் இருக்கிறது. அவரைத் தெரியாதவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். சார் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிடையர் ஆனவர். அதற்குப் பிறகு, பென்சில் பிடிக்கவே தெரியாத வாண்டுகளைச் சேர்த்துக்கொண்டு விலங்குகள் வரையவும், காகிதத்தையும் துணியையும் ஒட்டிப் படம் செய்யவும் சொல்லிக்கொடுத்தார். சொல்லிக்கொடுத்தார் என்றால் அவருக்கே பிடிக்காது. "நான் கதை சொல்றேன். அதுங்க ஒட்டுதுங்க. அவ்ளோதான்" என்பார்.

மேலே அறை எடுத்த முதல் வாரமே கீழே இறங்கி என் கடை வாசலில் நின்றார். வெட்டி விழுந்த துணிகளை நான் ஒரு மூட்டையில் திணித்துக்கொண்டிருந்தேன்.

"இந்தத் துண்டுத் துணியெல்லாம் என்னம்மா பண்ணுவீங்க?"

"தலகாணிக்குள்ள அடைப்போம் சார். யாருக்கு வேணும்?"

"ஒரு யானைக்கு."

"அளவு ப்ளவுஸ் கொண்டாந்திருக்கீங்களா?"

வேறு யாராவது இருந்தால் முறைத்திருப்பார்கள். சார் முகம் மாறாமல், "அது வெளியூர் போயிருக்கும்மா. வந்ததும் அனுப்பறேன்" என்றார். சரி, இந்த ஆளோடு காலம் தள்ளலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

யானைக்கு என்று நான் பேன்ட் துணியில் நல்ல சாம்பல் நிறமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜரிகை போட்ட ஆரஞ்சுத் துணியை உருவிக்கொண்டார். "சாம்பல் கலரு ஜூவுல இருக்கற யானைக்கும்மா. கதையில வர்றது எந்தக் கலர்லயும் வரும்" என்றார். அந்த ஆரஞ்சு யானை ஒரு வாரம் மாடிப்படிச் சுவரில் தொங்கியது. துணிக்குச் சொந்தக்காரி ஒரு நாள் ப்ளவுஸ் வாங்க வந்தவள் அதைப் பார்த்துவிட்டாள். "துணி பத்தவே இல்ல, கைய சின்னதா வெச்சிட்டேன்னு சொன்னியே ஸ்டெல்லா? யானைக்கு மட்டும் எப்படிப் பத்துச்சு?" என்றாள். சார் மேல்படியில் நின்று கேட்டுக்கொண்டு, உதவிக்கு வராமல் சிரித்தார். அவரால் நான் இழந்த கஸ்டமர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெண் பிறகு தன் பேத்தியை அவரிடமே கொண்டுவந்து விட்டாள்.

அவர் கதை சொல்லும் சத்தம் படிக்கட்டு வழியாக என் மெஷின் சத்தத்தைத் தாண்டி இறங்கி வரும். "கரடி வரைங்க" என்று ஒரு நாளும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. கரடிக்குப் பசி என்பார். பசித்த வயிறு உப்பி இருக்குமா, ஒட்டி இருக்குமா? பிள்ளைகள் தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் கத்தும். வயிறு முடிவாகும், ஒட்டப்படும். தேன் எங்கே இருக்கிறது? மேலே. அப்படியானால் தலை எந்தப் பக்கம் பார்க்கும்? கை எங்கே போகும்? இப்படி ஒவ்வொன்றும் கதையில் அதற்கு வேலை வரும்போதுதான் காகிதத்துக்கு வரும். முதலில் வயிறு, பிறகு தலை, பிறகு கால்கள், எல்லாம் முடிந்து கடைசியில் வால். இந்த வரிசையை மட்டும் அவர் மாற்றியதே இல்லை. "பெருசு மொதல்ல உக்காந்துட்டா, சின்னதெல்லாம் தானா எடம் கண்டுபிடிச்சிக்கும்" என்பார். எந்தக் கதையைச் சொன்னாலும் வால் கடைசியில் வருகிற மாதிரி வளைத்துக்கொண்டு வந்து சேர்ப்பார்.

அந்த அறைக்குள் ரப்பருக்கு அனுமதி கிடையாது. பையில் ரப்பரோடு வரும் பிள்ளைகள் வாசலில் இருக்கும் டப்பாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஒரு தடவை நான் டீ கொண்டுபோனபோது, ஒரு குட்டிப் பெண் ஆடு ஒட்டி வைத்திருந்தாள். ஆட்டுக்கு ஒரே ஒரு கால்.

"மிச்ச மூணு காலு எங்கம்மா?" என்றார் சார்.

"பஸ்ல ஏறிடுச்சு சார்."

"டிக்கெட் எடுத்துச்சா?"

"இது பொம்பள ஆடு சார். ஃப்ரீ."

சார் மறுபேச்சுப் பேசாமல் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். அது பஸ் ஆனது. மற்றப் பிள்ளைகளெல்லாம் தங்கள் மிருகங்களையும் அந்த பஸ்ஸில் ஏற்ற வேண்டும் என்று அடம்பிடிக்க, அன்றைய கதையே எப்போதும் நெரிசலான சில்க் போர்டு சிக்னலில் மாட்டிக்கொண்டது. டீ டம்ளரை வாங்கும்போது என்னிடம் சொன்னார்: "தப்பா வந்துச்சுன்னா கதைய மாத்திக்கலாம் ஸ்டெல்லா. கோட்ட எதுக்கு அழிக்கணும்?"

அந்தக் குரல்தான் போயிற்று. தொண்டையில் ஆபரேஷன் ஆயிற்று, உயிருக்கு ஒன்றும் பயமில்லை, ஆனால் பேச்சு திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சார் பிள்ளைகள் எழுதும் ஒரு ஸ்லேட்டைக் கையிலேயே வைத்திருந்தார். மற்றவர்களுக்கு அதில் எழுதிக் காட்டுவார். எனக்கு மட்டும் வரைந்து காட்டுவார். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நல்லது செய்துவிட்டு வெளியே வந்தவள், எழுத்துக்கூட்டிப் படித்து முடிப்பதற்குள் அவருக்குப் பொறுமை போய்விடும். ஒரு வெள்ளிக்கிழமை கடைக்கு வந்து ஸ்லேட்டை நீட்டினார். மாடி அறைக் கதவு வரைந்திருந்தார். அதில் ஒரு பூட்டு. சட்டைப் பையிலிருந்து அறைச் சாவியை எடுத்து, பக்கத்தில் வைத்துக் காட்டினார். நாளைக்கு ஓனர் மஞ்சண்ணாவிடம் கொடுத்துவிடப் போகிறார்.

பின்னாலேயே வந்து நின்ற ரோசி அக்கா, "கதை சொல்ல முடியாம அங்க போய் நான் என்னாத்துக்கு உக்காரணும்னு எழுதறாரு ஸ்டெல்லா. ராத்திரியெல்லாம் தூங்கல. அந்த ரூமும் இல்லன்னா இந்த மனுசன் வீட்டுல சுவத்தப் பாத்துட்டே போய்டுவாரு" என்றார். சாரின் ஸ்லேட்டைத் துடைக்கிற அதே முந்தானையால் அக்கா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு அந்த மாதிரி நேரத்தில் கேலி தவிர வேறு எதுவும் தெரியாது. "சாருக்கு வாய் போனா என்னக்கா, என் வாய் ரெண்டு பேருக்குக் காணும்னு எங்க வீட்டுக்காரர் தினமும் சொல்றாரே. நான் சொல்றேன் கதை" என்றேன்.

சார் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஸ்லேட்டில் எழுதி ரோசி அக்காவிடம் காட்டினார். அக்கா படித்தார்: "உனக்குக் கதை சொல்ல வருமாங்கறாரு."

"இது என்னா கேள்வி? நாளைக்கு ப்ளவுஸ் ரெடின்னு கஸ்டமருக்கெல்லாம் சொல்லிட்டிருக்கேனே, அது பின்ன கதை இல்லாம என்னா சார்?"

சாரின் தோள் குலுங்கியது. சாவியை உடனே பையில் போடவில்லை. நாளை ஒரே ஒரு நாள் பார்ப்போம் என்பதுபோல் ஒரு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் மாடி அறையில் பிள்ளைகள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சார் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். நான் கையில் சேலை ஃபால்ஸ் வெட்டின மிச்சத்தை ஒரு கட்டாகக் கொண்டுபோயிருந்தேன். நீளநீளமான துண்டுகள். அதைப் பார்த்ததும் எனக்குக் கதை வந்துவிட்டது.

"இன்னிக்குக் காலையில ஆண்ட்டி கடை ஷட்டரத் தூக்கறேன், தூக்கறேன், வரவே மாட்டேங்குது. குனிஞ்சு பாத்தா கீழ ஒரு வாலு மாட்டிட்டு இருக்கு!"

"யாரோட வாலு ஆண்ட்டி?"

"யாருக்குத் தெரியும்? மொதல்ல வால ஒட்டுங்க. அப்புறம் இழுத்துப் பாக்கலாம்."

ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். பிள்ளைகள் சந்தோஷமாக ஒட்டின. காகிதத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நட்ட நடுவில், ஒரே வால். நான் பாட்டுக்கு இழு இழு என்று கதையை இழுத்துக்கொண்டிருந்தேன். வாலுக்குப் பின்னாலிருந்து ஒரு பசு வர ஆரம்பித்தது. முதலில் கத்தியது பிரேசர் டவுனிலிருந்து வரும் ஆயிஷா. "ஆண்ட்டி, பேப்பர் கதம், முடிஞ்சிடுச்சு! பசு எங்க வெக்கறது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை காலம் கீழே உட்கார்ந்து வயிறு, தலை, கால், வால் என்று அவர் சொல்வதைக் கேட்டவள் நான். எல்லாரையும் வாலிலிருந்து ஆரம்பிக்க வைத்துவிட்டேன். ஒரு காகிதத்திலும் பசுவுக்கு இடமில்லை. ஒருத்தன் அழ ஆரம்பித்தான். இன்னொருத்தி வாலைப் பிய்க்கப் பார்த்தாள், பசை காய்ந்துவிட்டது, காகிதம் கிழிந்தது. சார் எங்களுக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். அவர் சட்டைப் பையில் சாவி இருப்பது எனக்குத் தெரியும். போச்சு, நானே பூட்டு போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

"சார், வாலு மொதல்ல வந்துடுச்சு. இனிமே என்னா பண்றது?" என்றேன்.

அவர் திரும்பவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், மனிதர் சிரித்துக்கொண்டிருக்கிறார். சத்தமில்லாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் வழிகிறது. சத்தம் வராமல் இவ்வளவு சிரிக்க முடியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து தரையில் முட்டி போட்டார். அழுகிறவனின் காகிதத்தை எடுத்தார். ஆயிஷாவின் காகிதத்தை அதன் ஓரத்தில் வைத்து, பசை தடவி, வாலோடு வாலை ஒட்டினார். அடுத்த காகிதம். அதற்கு அடுத்தது. பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. தங்கள் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தன. எல்லா வால்களும் சேர்ந்து ஒரே வாலாகி அறையின் நீளத்துக்குப் போயிற்று.

இவ்வளவு பெரிய வாலுக்கு எவ்வளவு பெரிய பசு வேண்டும்? நான் கதையை விடாமல் இழுத்தேன். பழைய பேப்பர், காலண்டர் தாள், என் கடையின் மூட்டைத் துணி எல்லாம் வந்து இறங்கின. சார் சாக்பீஸால் தரையில் கோடு காட்டக் காட்ட, பிள்ளைகள் ஒட்டிக்கொண்டே போனார்கள். வயிறு வாசலைத் தாண்டிவிட்டது. முன்னங்கால்கள் படிக்கட்டில் இறங்கின. கழுத்து கடைசிப் படியில் வளைந்தது. பசுவின் முகம் என் கடைக்குள் வந்து தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது.

அந்த நேரம் பார்த்து ஓனர் மஞ்சண்ணா சாவி வாங்க வந்தார். படிக்கட்டில் ஏறப் போனவர் ஒற்றைக் காலில் நின்றார். "ஏனம்மா இது? காலு எல்லி இடோது?" என்று கன்னடத்தில் என்னைக் கேட்டார். கால் வைக்க இடமில்லைதான்.

"ஹசு படுத்திருக்கு அண்ணா. டிராஃபிக் ஜாம். ஓரமா வாங்க" என்றேன்.

மனிதர் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டார். வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக, பசுவை மிதிக்காமல், ஒவ்வொரு படியாக ஏறினார். மேலே போய் மூச்சு வாங்க சாரிடம் கையை நீட்டினார். சார் பைக்குள் கை விட்டார், சாவியைத் தொட்டார், அதை அப்படியே விட்டுவிட்டு, கீழே கிடந்த பசைப் பிரஷ்ஷை எடுத்து மஞ்சண்ணாவின் கையில் வைத்தார். பசுவுக்கு இன்னும் ஒரு காது பாக்கி இருந்தது. மறுபடி சுவரோரமாகக் கீழே இறங்கிப் போய் அதை ஒட்டியது மஞ்சண்ணாதான். ஒட்டிவிட்டு, தன் அப்பா காலத்தில் ஆனேக்கல் பக்கம் வீட்டில் இருந்த பசுவுக்கு இதைவிடப் பெரிய காது என்று குறை வேறு சொன்னார். சாவியைப் பற்றி அன்றைக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அவர் கேட்கவே இல்லை.

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்ய ஆரம்பித்தோம். என் வாய், அவர் கை. ஒத்துப்போனோம் என்று பொய் சொல்ல மாட்டேன். நான் ஒல்லி நாய் என்பேன். அவர் வேண்டுமென்றே குண்டு நாயை வரைவார். பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிக்கும். நாய் என் ப்ளவுஸ் துணி முழுக்கத் தின்றுவிட்டது, அதனால்தான் கல்யாண வீட்டுக்காரிக்கு இன்னும் ப்ளவுஸ் தரவில்லை என்று நான் கதையைத் திருப்புவேன். உடனே அவர் நாய்க்கு ஜரிகையில் ஒரு வால் ஒட்டுவார். பழைய வரிசையெல்லாம் போன இடம் தெரியவில்லை. சில நாள் மூக்கில் ஆரம்பித்தோம், சில நாள் கொம்பில். ரோசி அக்கா பசை கொண்டுவரும்போதெல்லாம், "பேச்சு இருந்தப்ப இந்த மனுசன் இவ்ளோ வாயாடினதில்லடி" என்பார்.

ஆனால் ஒரு நாள் அவர் என்மேல் நிஜமாகவே கோபப்பட்டார். முயல் கதை. என் முயல் நாய் துரத்தத் துரத்த ஓடுகிறது. எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது, மூச்சு விடாமல் ஓட்டுகிறேன். முயல் வளைக்குள் போய்க் கதவைச் சாத்தியும்விட்டது. பிள்ளைகள் கைதட்டின. ஆயிஷா மட்டும் தன் காகிதத்தை மடியிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்தாள். அவள் முயலுக்கு இன்னும் பின்னங்கால்கள் வரவில்லை. அவள் எப்போதும் மெதுவாகத்தான் கிழிப்பாள், ஓரம் பிசிறாமல், நகத்தால் நீவி நீவி.

"ஏன்டி வெச்சிட்ட?"

"முயலு வீட்டுக்குப் போய்டுச்சே ஆண்ட்டி. எனுது ஓடவே இல்ல."

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். சார் என் முகத்துக்கு நேரே உள்ளங்கையைக் காட்டினார். அந்த முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் எதிரில் போய் உட்கார்ந்தார். தள்ளி வைத்த காகிதத்தை எடுத்து அவள் மடியில் வைத்தார். கைகட்டிக்கொண்டு காத்திருந்தார். அவர் காத்திருக்கிறார் என்று பிள்ளைகளும் காத்திருந்தன. நானும் வேறு வழியில்லாமல் காத்திருந்தேன். அறையில் காகிதம் கிழிகிற சத்தம் மட்டும். ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. அதற்குப் பிறகுதான் சார் என் பக்கம் தலையை ஆட்டினார். வளைக் கதவைத் திறந்து, முயலை வெளியே கூப்பிட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட வைத்தேன். ஆயிஷாவின் முயல்தான் முன்னால் ஓடியது.

எல்லாரும் போன பிறகு ஸ்லேட்டில் எழுதினார். அன்றைக்கு வரையவில்லை, எழுதினார். நான் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கும் வரை எதிரிலேயே நின்றார். "கதை காத்திருக்கும். குழந்தையின் கையைத் தனியாக விட்டுவிட்டு ஓடாதே" என்று எழுதியிருந்தது.

அடக்கம் முடிந்து வந்த முதல் சனிக்கிழமை, வகுப்பு உண்டு என்று நான் யாருக்கும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கை போய்விட்டது, வாய் மட்டும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று மெஷினில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் வழக்கம்போல் படியேறிப் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் ரோசி அக்கா பாத்திரத்தோடு வந்தார். "காலையில எந்திரிச்சு என்னா பண்றதுன்னு தெரியல. பசை காச்சிட்டேன். வீணாப் போயிடும், எந்திரி" என்றார்.

மேலே போனேன். "சார் செத்துட்டாருன்னு எங்கம்மா சொன்னாங்க" என்றான் ஒருத்தன். ஆமாம் என்றேன். "அப்ப கதை?" என்றான். கதை இருக்கிறது என்றேன். எனக்கு வரைய வராது, உங்களுக்கு வருகிற மாதிரி செய்யுங்கள் என்றும் சொன்னேன். ஒரு கிளி, கூண்டுக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துவிட்டது என்று ஆரம்பித்தேன். இந்த முறை முன்னால் நின்று காட்ட யாருமில்லை. பிள்ளைகள் ஒருத்தர் காகிதத்தை ஒருத்தர் எட்டிப் பார்த்துக்கொண்டு, அலகு இப்படி, இல்லை அப்படி என்று சண்டை போட்டுக்கொண்டு கிழித்தன.

சாருடைய ஸ்லேட்டும் கத்திரியும் ரோசி அக்காவிடம் இருக்கின்றன. அவை அங்கேதான் இருக்க வேண்டும். எனக்கு அவர் விட்டுப்போனது என் பிறவியிலேயே இல்லாத ஒரு சாமான்: கதையின் நல்ல கட்டத்தில், நாக்கு நுனியில் வார்த்தை நிற்கும்போது, வாயை மூடிக்கொண்டு ஒரு சின்னக் கைக்காகக் காத்திருப்பது. எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னால் நம்ப மாட்டார். அன்றைக்குக் கிளி கூண்டு வாசலில் வந்து நின்றுவிட்டது. மூலையில் புதிதாக வந்த ஒரு பையன் பச்சைத் துணியில் இரண்டாவது இறக்கையைத் தேடிக்கொண்டிருந்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. ரோசி அக்காவும் பசைக் கரண்டியைக் கையில் பிடித்தபடி பேசாமல் நின்றார். அவன் தேடினான், எடுத்தான், கிழித்தான், ஒட்டினான், விரலால் அழுத்திப் பார்த்தான், பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

கிளியைப் பறக்க விட்டேன்.